தாதும் தூளும்

தமிழ் பயில்வார்க்குத் ‘தாது’ என்பது இனிய சொல். பூவினுள் விளங்கும் மகரந்தமும் தாது. உடலைத் தாங்கும் கூறுகளும் தாது. மண்ணினின்று அகழ்ந்தெடுக்கும் உலோகக் கல்லும் தாது. நுண்ணிய தூளும் தாது. தண்டையார்பேட்டையிற் பிறந்த யான் இவற்றுள் முதலில் அறிந்தது வண்டு நாடும் பூந்தாதன்று. பாட்டனார் வாய்க் கேட்ட இரும்புத் தாதுவே. “சரக்கு வண்டிப் பெட்டியிற் பார்த்தால் செம்மண் போலிருக்கும்; ஒரு கட்டியைக் கையில் எடுத்தாலோ கருங்கல்லினும் கனக்கும்” என்பார் அவர்.

அத்தாது பெல்லாரி, ஹோஸ்பேட்டை மலைகளில் வெட்டப்பெற்றது. இருப்புப்பாதை வழியே சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. கப்பலேறிக் கீழ்த்திசைக் கடல்களைக் கடந்தது. ஜப்பான் நாட்டில் உருக்காலைகள் பல. இரும்புத் தாதுவோ அரிது. ஆதலின் அந்நாடு நம் மலைகளை விரும்பி வாங்கிற்று. இவ்வாணிகத்தின் பொருட்டே 1977-ஆம் ஆண்டு பாரதி துறையில் தாதுவைக் குவிக்கவும், பட்டைகளில் ஏற்றிக் கப்பலுள் சொரியவும் வல்ல பெரும்பொறிகள் இயங்கத் தொடங்கின.

வாணிகத்தை யான் பழிக்கின்றேன் அல்லேன். ஒரு நாட்டின் மிகுதி மற்றொரு நாட்டின் குறையை நிரப்புதல் நன்றே. விற்ற நாடு பணம் பெற்றது. வாங்கிய நாடு இரும்பு பெற்றது. இடையே வழிவிட்ட ஊர் பெற்றது யாது? பலர்க்குக் கூலி கிடைத்தது, உண்மை. ஆயின் குவித்த இடத்தும் சொரிந்த இடத்தும் எழும் தூளுக்கு எல்லை ஏது? நிலக்கரியும் இரும்புத் தாதுவும் போன்ற தூசெழும் சரக்குகளைச் சென்னைத் துறைமுகத்தில் 2011-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொட்டுக் கையாளலாகாது எனவும், அவற்றை எண்ணூருக்கு மாற்றுக எனவும் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

எம் ஊரார் மகிழ்ந்தனர். மகிழ்தற்கு உரிமையும் உடையர். எனினும் எண்ணூரில் மனிதர் இலரோ? அங்கும் மீனவர் குப்பங்கள் உள. அங்கும் குழந்தைகள் மூச்சு விடுகின்றன. இரும்புத் தாதுவுக்கென அங்கு அமைத்த துறை, கருநாடகத் தாது ஏற்றுமதி தடையுற்றமையால், பின்னர் நிலக்கரித் துறையாயிற்று. செந்தூள் வாராதாயினும் கருந்தூள் சென்றது. தூளை இடம் மாற்றுதல் வேறு, அடக்குதல் வேறு.

மூடிய பெட்டி, மூடிய பட்டை, குவியலின்மேல் இடையறாது தெளிக்கும் நீர் ஆகிய இவையே தூளை அடக்கும் வழிகள். இவற்றிற்குச் செலவு உண்டு. அச்செலவு தாதுவின் விலையோடு சேர்தல் வேண்டும். கடல் கடந்து வாங்குவோரும் அதனை ஏற்றல் வேண்டும். அங்ஙனம் சேராவிடின், அவ்விலையைக் கரையில் வாழும் ஏழைகள் தம் மூச்சினால் செலுத்துவர்.

தோழர்காள்! பொருளியல் பயில்வீர் டன் கணக்கையும் விலைக் கணக்கையும் நன்கறிவீர். அக்கணக்கில் இம்மூச்சினையும் ஒரு வரியாக எழுதுமின். அதுவே நேர்மையான கணக்கு.