இரவுக்கு ஒரு போர்வை



அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று இங்கிலாந்தில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வைக்கிறோம். அதை அடுத்த வாரங்களில், ஆராதனை முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் வேதத்தைப் பற்றியவை குறைந்து, குளிரைப் பற்றியவை பெருகிவிடும். எந்தக் கடையில் எந்த டூவே வாங்கலாம் என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியே சொல்வதைக் காட்டிலும் இவ்வாரம் இங்கே எழுதிவிடுவது நலம் என்று தோன்றிற்று. தியானப் பகுதியில் படுக்கை விரிப்பைப் பற்றி எழுதலாமா என்று யாரேனும் வியந்தால், யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எடுத்து வாசித்துப் பாருங்கள்.

ஏழையின் மேலாடையை அடகாகப் பெற்றவன், பொழுது சாயுமுன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. பகலில் அவன் உடுத்தியதே இரவில் அவன் போர்த்திக்கொள்ளும் ஒரே துணி என்பது அதற்குக் காரணம். வட்டியைப் பற்றிச் சொல்லும்போதே போர்வையைப் பற்றியும் சொல்லிவிடுகிற சட்டம் அது. இது வெறும் ஏட்டுச் சட்டமாக இருந்திருக்குமோ என்று ஐயுறுவோருக்கு ஒரு செய்தி. 1960ஆம் ஆண்டில், மத்தியதரைக் கடலோரத்தில் யவ்னே-யாமுக்கு அருகே மெட்சாத் ஹஷாவ்யாகு என்னும் பழங்கோட்டையின் அகழ்வில், மையால் எழுதப்பட்ட ஒரு மட்பாண்ட ஓடு கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. ஓர் அறுவடைக் கூலியாள் அதிகாரிக்குச் செய்துகொண்ட முறையீடு அது. தன் பங்கு வேலையை முடித்த பின்னரும் தன் ஆடையைப் பறித்துக்கொண்டார்கள் என்றும், உடன் அறுத்தவர்கள் தனக்குச் சாட்சி சொல்வார்கள் என்றும், ஆடையைத் திரும்பப் பெற்றுத்தர வேண்டும் என்றும் அவன் மன்றாடுகிறான். இறையியல் கல்லூரியில் பயின்ற நாள்களில் அந்த ஓட்டைப் பற்றி முதன்முறை கேட்டபோது, அவனுக்கு அது கிடைத்ததா என்ற கேள்விதான் மனத்தில் நின்றது. ஓடு அதைச் சொல்லவில்லை.

ஆகவே, இரவில் ஒரு மனிதன் எதைப் போர்த்திக்கொள்கிறான் என்பது சிறிய காரியம் அன்று. இனி டூவேக்கு வருவோம்.

நம்மவர் பலர் ஊரிலிருந்து வரும்போது பெட்டியின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு கனத்த கம்பளியைக் கொண்டுவருகிறார்கள். எடை மிகுந்தால் சூடும் மிகும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழப் பதிந்திருக்கிறது. உண்மையில் எந்தப் போர்வையும் சூட்டை உண்டாக்குவதில்லை. சூட்டை உண்டாக்குவது நம் உடல். அதை வெளியே விடாமல் காப்பது, போர்வைக்குள் அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்று. எவ்வளவு காற்றை ஒரு பொருள் பிடித்து வைக்கிறதோ அவ்வளவு இதம். இதில் பறவையின் தூவியை மிஞ்சுவது கடினம். வாத்தின் அல்லது கூஸ் என்னும் பெருவாத்தின் மார்பில், வெளி இறகுகளுக்கு அடியில் இருக்கும் மென்மயிர்தான் தூவி. இறகுக்கு நடுவே காம்பு உண்டு. தூவிக்குக் காம்பு இல்லை. ஒரு நடுப்புள்ளியிலிருந்து எல்லாத் திசைகளிலும் நூலிழைகள் விரிந்து, பார்ப்பதற்கு எருக்கம் விதையின் பஞ்சைப் போல் இருக்கும்.

தூவியணை நமக்கு அந்நியமானது என்றும் எண்ண வேண்டாம். வாடைக் காற்றின் பெயரையே தாங்கிய நெடுநல்வாடையில், பாண்டிமாதேவியின் கட்டிலில் அன்னத்தின் வெண்தூவி பரப்பிய மெத்தை வருகிறது. அவ்வளவு மென்மையான படுக்கையிலும், போர்க்களம் சென்ற கணவனை எண்ணி அவள் துயருற்றுக் கிடக்கிறாள் என்பதையும் புலவர் மறைக்கவில்லை. பிரிட்டனிலோ, விரிப்புகளையும் கம்பளிகளையும் அடுக்கி மெத்தையின் ஓரங்களில் செருகிக்கொள்வதே நெடுங்கால வழக்கம். டூவே இங்கே வீடுதோறும் புகுந்ததற்கு, 1964இல் டெரன்ஸ் கான்ரன் லண்டனில் திறந்த ஹாபிடாட் கடை பெரிதும் காரணம்.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது டாக் என்னும் அளவு. துணியின் வெப்பத்தடையைக் குறிக்கும் இவ்வளவு, 1940களில் மான்செஸ்டரின் ஷெர்லி இன்ஸ்டிடியூட்டில் உருவானது. 4.5 டாக் கோடைக்கு, 10.5 இளவேனிலுக்கும் இலையுதிர் காலத்துக்கும், 13.5 குளிர்காலத்துக்கு. 4.5ம் 9ம் ஆக இரண்டு போர்வைகளைப் பொத்தானிட்டு இணைத்து 13.5 ஆக்கிக்கொள்ளும் வகையும் உண்டு. ஆண்டு முழுவதற்கும் ஒரே செலவில் முடிந்துவிடும் என்பதால் குடும்பங்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். இரவெல்லாம் வெப்பமூட்டி ஓடும் வீட்டில் 13.5 மிகை. வியர்த்து விழித்துக்கொள்வீர்கள்.

அடுத்தது, தூவியின் தரம். ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதே நிரப்புத்திறன். 600 நன்று, 700க்கு மேல் மிக நன்று. இவ்விடத்தில் ஒரு குழப்பம் நேர்கிறது. நிரப்புத்திறன் கூடினால் சூடு கூடும் என்று விற்பவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன், அப்படியன்று. சூட்டைச் சொல்வது டாக். நிரப்புத்திறன், அதே சூட்டை எவ்வளவு குறைந்த எடையில் பெறலாம் என்பதைச் சொல்கிறது.

உறைச்சீட்டில் உள்ள சொற்களின் வரிசையையும் கவனியுங்கள். இறகு முன்னும் தூவி பின்னும் எழுதப்பட்டிருந்தால், உள்ளே பெரும்பகுதி இறகே. 85 விழுக்காடு இறகும் 15 விழுக்காடு தூவியும் உள்ளதைப் பெரிய எழுத்தில் தூவி என்று விளம்பரம் செய்வதைக் கண்டிருக்கிறேன். அது ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிறிய எழுத்தை வாசிக்காதவர்களை நம்பி நடத்தும் வாணிகம் அது. கையால் அழுத்திப் பாருங்கள். காம்புகள் விரலில் குத்தினால் இறகு மிகுதி. பிறகு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, மூலைகள் வெறுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மேல்துணியையும் கீழ்த்துணியையும் நேரே சேர்த்துத் தைத்திருந்தால், தையல் ஓடும் இடமெல்லாம் குளிர் நுழையும் கோடுகள். நல்லதில் இரண்டுக்கும் நடுவே சிறு துணிச்சுவர்கள் வைத்துப் பெட்டி பெட்டியாகத் தைத்திருப்பார்கள். மேலுறை நெருக்கமாக நெய்த பருத்தியாக இருப்பது அவசியம். தளர்ந்த நெசவில் தூவி வெளியே கசிந்துவிடும். நூல் எண்ணிக்கை ஆயிரம் என்று பெருமை பேசுவதற்கெல்லாம் பணம் கொடுக்க வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் சபையைச் சேர்ந்த ஒரு தாயாருடன் டூவே வாங்கப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்தவர். கணவர் மறைந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. "பாஸ்டர், நித்திரை வருகுதில்லை. கால் ரெண்டும் ஐஸ் மாதிரிக் கிடக்குது" என்று தொலைபேசியில் சொன்னார். மருத்துவரிடம் போகச் சொன்னேன், போனார், குறையொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் பார்த்தால், கிங் அளவில் 225க்கு 220 சென்டிமீட்டர் பழைய டூவே. இருவர் உடற்சூட்டால் நிறைந்த இடத்தை இப்போது ஒருவர் தனியே நிறைக்க வேண்டியிருந்தது. போதாததற்கு அதன்மேல் மூன்று கம்பளிகள். மூட்டுவலி உள்ள கைகளால் அவரால் அவற்றைப் புரட்டக்கூட முடியவில்லை.

கடையில் கூஸ் தூவிப் போர்வை ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஒண்டும் இல்லைப் போலக் கிடக்குது" என்றார். விற்பனைப் பெண் அதைத் தோளில் போட்டுவிட்டாள். ஐந்து நிமிடம் அப்படியே நின்றார். "சூடுதான்" என்றார். எந்த அளவு வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். நான் டபுள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: "சின்னது காணும் அம்மா. மற்றப் பக்கம் குளிருது."

துக்கத்தைப் பற்றி எத்தனையோ நூல்கள் வாசித்திருக்கிறேன்; அடக்க ஆராதனைகள் பல நடத்தியிருக்கிறேன். படுக்கையின் மறுபக்கம் குளிர்கிறது என்பதை அதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்றுமுதல் துணையை இழந்தவர்களைச் சந்திக்கும்போது, உறங்குகிறீர்களா என்று கேட்பதோடு நில்லாமல், எதைப் போர்த்திக்கொண்டு உறங்குகிறீர்கள் என்றும் கேட்கிறேன்.

படிக்கவும் பராமரிப்புப் பணிக்காகவும் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமாருக்குத் தனியே ஒரு சொல். நீங்கள் தூவிக்கு நூறு பவுண்டுக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை. செயற்கை இழை அடைத்த 13.5 டாக், தூவி அடைத்த 13.5 டாக் இரண்டும் தடுக்கும் குளிர் ஒன்றே. செயற்கை இழை கனமாக இருக்கும், வியர்வை ஈரத்தை அவ்வளவாக வெளியே விடாது, சில ஆண்டுகளில் தட்டையாகிவிடும், குறை அவ்வளவுதான். வாடகை வீட்டில் இரவு பத்து மணிக்கு வெப்பமூட்டியை நிறுத்திவிடுகிறார்கள் என்று மேல்கோட்டோடு உறங்கி, ஊருக்கு அனுப்பும் பணம் குறையக் கூடாது என்று எதையும் வாங்காமல் இருப்பவர்கள் நம் நடுவே உண்டு. அப்படி இருக்காதீர்கள். நீங்கள் நலமாக உறங்குவதை உங்கள் பெற்றோர் அந்தப் பணத்தைக் காட்டிலும் மேலாக எண்ணுவார்கள். வெட்கப்படாமல் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.

தூவி வாங்க வசதியுள்ளவர்கள் அது எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். உணவுக்காக வளர்க்கும் பறவைகளிலிருந்தே பெரும்பாலும் கிடைக்கிறது. ஆயினும் உயிருள்ள பறவையின் மார்பிலிருந்து தூவியைப் பிடுங்கும் கொடுமையும் நடந்திருக்கிறது. 2014இல் தொடங்கிய ஆர்.டி.எஸ். என்னும் தரச்சான்று, அதையும் பறவைக்கு வலுக்கட்டாயமாகத் தீனி திணிப்பதையும் தடை செய்கிறது. அம்முத்திரை இல்லாததை நான் வாங்குவதில்லை.

கொல்லாமலே தூவி எடுக்கும் வழியும் ஒன்று உண்டு. ஐடர் என்னும் கடல்வாத்தின் பெடை, தன் மார்பின் தூவியைத் தானே பறித்து முட்டைகளுக்கு மெத்தையிடுகிறது. ஐஸ்லாந்தின் உழவர்கள் அந்தத் தூவியைக் கூடுகளிலிருந்து சேகரிக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 60 கூடுகள் வேண்டும். விலை ஆயிரக்கணக்கான பவுண்டு. போதகரின் வருமானத்துக்கு அது பார்த்து மகிழ மட்டுமே. இப்பறவைக்கு நம் நாட்டிலும் ஒரு நண்பர் இருந்தார். 7ஆம் நூற்றாண்டில் ஃபார்ன் தீவில் தனித்திருந்து ஜெபித்த கத்பர்ட், ஐடர் வாத்துகளுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்று விதித்தார் என்பது மரபு. நார்தம்பர்லாந்து மக்கள் இன்றும் அதை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

வாங்கிய பின் பேணுவதைப் பற்றிச் சிறிது. கட்டாயம் உறை போட்டே பயன்படுத்துங்கள். உறையை அடிக்கடி துவைத்தால் போர்வையை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை துவைத்தால் போதும். வீட்டு இயந்திரம் சிறிது. லாண்டரெட்டில் உள்ள பெரிய இயந்திரத்துக்குக் கொண்டுபோங்கள். உலர்த்தும்போது சுத்தமான டென்னிஸ் பந்துகள் இரண்டைக் கூடப் போட்டால் தூவி கட்டி தட்டாது. பல மணி நேரம் ஆகும். பாதி ஈரத்தோடு மடித்து வைத்தால் நாற்றம் பிடித்து வீணாகும். எழுந்தவுடன் படுக்கையை மடித்து வைக்க வேண்டும் என்ற நம் வீட்டுப் பழக்கத்தையும் இங்கே சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் விரித்தே கிடக்கட்டும்; இரவின் ஈரம் போகும்.

நவம்பர் முழுவதும் சபை மண்டபத்தின் பின்னறையில் போர்வைகளைப் பெற்றுக்கொள்கிறோம். பழைய டூவேக்களைப் பல அறக்கடைகள் ஏற்பதில்லை, நாங்கள் ஏற்போம். துவைத்து, நன்றாக உலர்த்தி, டாக் அளவை ஒரு சீட்டில் எழுதி மேலே குத்திக் கொண்டுவாருங்கள். ஒற்றைப் படுக்கைக்கு உரியவையே இம்முறை மிகுதியாகத் தேவைப்படுகின்றன.