ராகலையில் மழைக்கு முன்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக பஸ்ஸில் போனால் ராகலை. இருபுறமும் தேயிலை மலைகள். ஐப்பசி பிறந்ததும் இங்குள்ள லயன்களில் பெண்களுக்கு இன்னொரு வேலை தொடங்குகிறது. வடகீழ்ப் பருவமழையும் குளிரும் வருமுன் வீட்டைத் தயார்ப்படுத்த வேண்டும்.

கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, தகரத்தின் ஓட்டைகளை அடைக்கிறார்கள், காற்றுக்குப் பறக்காதபடி கல் ஏற்றுகிறார்கள், கானைத் துப்புரவாக்குகிறார்கள், விறகை அடுப்புக்கு மேலே அடுக்குகிறார்கள். குடியிருக்கும் காணி பெரும்பாலும் தோட்டத்துக்கே சொந்தம். ஆனாலும் கூரையைக் காப்பது இவர்கள்தான்.

2007 ஜனவரியில் வலப்பனைப் பகுதியில் மண்சரிவு பல உயிர்களைப் பறித்தது. நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவை அபாய அறிகுறிகள். கண்டால் இரவென்றும் பாராமல் வெளியேற வேண்டும்.

அதற்காகவே பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் பொலித்தீன் பையில் கதவருகே தொங்குகின்றன. சகோதரிகளே, இடம்பெயர்ந்த நமக்கு அந்தப் பையின் அருமை தெரியும்.