ரிலேக்குத் தெரியாத உலை

மார்ச் 4, செவ்வாய்

கோவைக்கு வெளியே ஒரு ஃபவுண்டரி. முதலாளி மூன்று மாத இ.பி. பில்லையும் மேசையில் விரித்து வைத்திருந்தார். போன மாதம் 1,46,200 யூனிட், கே.வி.ஏ.எச். 1,70,000. முன்னதைப் பின்னதால் வகுத்தால் பவர் ஃபேக்டர் 0.86. எச்.டி. இணைப்பில் அது 0.90-க்குக் கீழே போனால், 0.85 வரை குறையும் ஒவ்வொரு 0.01-க்கும் மின்கட்டணத்தில் ஒரு சதவீதம் அபராதம். அந்த பில்லில் நான்கு சதவீதம் போய்விட்டது.

"பேனல்ல 0.99 காட்டுதுங்க. மீட்டர்தான் தப்பா இருக்கோணும்" என்றார்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் கதவோரம் நின்றிருந்தார். இருபது வருடமாக இங்கேதான் வேலை. கெபாசிட்டரைச் சரியாகப் பார்ப்பதில்லை என்று மூன்று மாதமாகத் திட்டு வாங்குகிறார். வெளியே வந்ததும் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "ஃபர்னஸ் ஹோல்டிங்ல நிக்கறப்ப சத்தமே மாறிப்போகுதுங்க சார்." எதற்கும் இருக்கட்டும் என்று குறித்துக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

காலை முழுவதும் கெபாசிட்டர் பேனல் முன்னால். 25 கே.வி.ஏ.ஆர். வீதம் பதினாறு ஸ்டெப், மொத்தம் 400. எல்லாம் 440 வோல்ட் ரகம். இங்கே கிடைப்பது 415. கெபாசிட்டரின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் ஒவ்வொன்றும் 22-க்குச் சற்று மேலேதான் தரும். லைனுக்கு 31 ஆம்பியர் வரவேண்டும்.

ஒவ்வொரு ஸ்டெப்பாகக் கையால் போட்டு, மூன்று லைனிலும் டாங் டெஸ்டரை மாட்டிப் பார்த்தோம். 31, 31, 31. அடுத்ததும் அப்படியே. ஏழாவது ஸ்டெப்பில் 31, 18, 18. உள்ளே டெல்டாவாகக் கட்டிய மூன்றில் ஒன்று அறுந்திருந்தால் இப்படித்தான் வரும்: இரண்டு லைன் 1.73-இல் ஒரு பங்காகக் குறையும், ஒன்று மாறாது. பதினொன்றாவதில் மூன்றும் பூஜ்யம், டப்பா மேல்பக்கம் உப்பியிருந்தது. மற்ற பதினான்கும் நல்ல நிலையில் இருந்தன. கைவைக்கும் முன் ஒவ்வொரு முறையும் ஆஃப் செய்து ஒரு நிமிடம் காத்திருந்தார் அண்ணன். வேலையைக் கவனிக்காதவர் இப்படிக் காத்திருக்க மாட்டார்.

ஆட்டோவில் போட்டதும், ஸ்டெப்புகளைத் தானே போட்டு எடுக்கும் ரிலே நான்கே நான்கு ஸ்டெப்பை எடுத்துவிட்டு 0.99 காட்டி நின்றது. கெபாசிட்டர் போதாதென்றால் அத்தனை ஸ்டெப்பும் ஏறிய பிறகும் எண் கீழே கிடக்க வேண்டும். இங்கே பன்னிரண்டு ஸ்டெப் சும்மா இருக்கிறது, ரிலே இன்னும் வேண்டும் என்று கேட்கவே இல்லை.

மார்ச் 6, வியாழன்

ரிலேயில் பவர் ஃபேக்டரை விட்டுவிட்டு ஆம்பியர் திரைக்குப் போனேன். 280. மெயின் பேனல் அம்மீட்டரிலும் 280. ஃபர்னஸைப் போடச் சொன்னேன். 350 கிலோவாட் இன்டக்‌ஷன் ஃபர்னஸ், தைரிஸ்டர் ரெக்டிஃபையர் வைத்த பழைய வகை, இரண்டு வருடத்துக்கு முன்னால் கைமாறி வந்தது. பவர் ஏற ஏற மெயின் அம்மீட்டர் 400, 600 என்று போய் 820-இல் நின்றது. ரிலேயில் அதே 280. ஒரு ஆம்பியர்கூட அசையவில்லை.

அண்ணன் என்னையும் ரிலேயையும் மாறி மாறிப் பார்த்தார். ரிலேக்குக் கரன்ட் அளவைச் சொல்லும் சி.டி.யின் (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) ஒயரைப் பிடித்துக்கொண்டே போனோம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் பஸ்பார், மெயின் பிரேக்கரான ஏ.சி.பி.யைத் தாண்டியதும் பக்கவாட்டில் பிரிகிறது. அந்தப் பிரிவில்தான் ஃபர்னஸ் கேபிள். சி.டி. அதையும் தாண்டி, பழைய பேனலுக்குப் போகும் பஸ்பாரில் மாட்டியிருக்கிறது. ஃபர்னஸ் இல்லாத காலத்தில் அது சரியான இடம். புது ஃபீடரைச் சி.டி.க்கு முன்னால் பிரித்தவர்கள் சி.டி.யை நகர்த்த மறந்துவிட்டார்கள். உலை இழுக்கும் கரன்ட் ரிலேயின் கண்ணில் படாமலே வந்து போகிறது. கம்ப்ரசரும் மணல் மிக்ஸரும் ஷாட் பிளாஸ்டும் மட்டும் அதற்குத் தெரிகின்றன. அவற்றுக்கு 0.99 சரியான எண்தான்.

இ.பி. மீட்டரும் சரி, ரிலேயும் சரி. இரண்டும் வேறு வேறு இடத்தில் நின்று பார்க்கின்றன. முதலாளியிடம் முதலில் சொன்னது, இதில் அண்ணன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது. மீட்டர் டெஸ்டுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை அவர் மடித்து உள்ளே வைத்தார்.

மார்ச் 7, வெள்ளி

மெயின் இன்கமரில் லாகர் மாட்டி ஒரு முழு ஷிஃப்ட் பதிவு. முழு வேகத்தில் உருக்கும்போது மொத்தம் 540 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.91. உருகியதைச் சூடாக மட்டும் வைத்திருக்கும் ஹோல்டிங்கில் 300 கிலோவாட், 0.80. தைரிஸ்டர் ரெக்டிஃபையரின் குணம் இது. பவரைக் குறைக்க வேண்டுமென்றால் தைரிஸ்டரைத் தாமதமாகத் திறக்க வேண்டும். தாமதம் கூடக் கூட கரன்ட் வோல்டேஜுக்குப் பின்தங்கும். குறைந்த பவரில்தான் ஃபர்னஸின் பவர் ஃபேக்டர் படுமோசம். அண்ணன் செவ்வாய்க்கிழமை சொன்ன சத்தம் இதுதான். உலை தணியும்போது காயிலின் இரைச்சல் தாழ்ந்து அடங்குகிறது. லாகர் ஒரு ஷிஃப்ட் ஓடிச் சொன்னதை அவர் காது எப்போதோ சொல்லியிருக்கிறது.

உருகிய இரும்பு ஏன் அவ்வளவு நேரம் ஹோல்டிங்கில் காத்திருக்கிறது என்று பார்க்க மோல்டிங் பக்கம் போனேன். இரும்பு தயார், பெட்டி தயாரில்லை. ஒரு ஹீட்டில் நாற்பது நிமிடம் உலை சும்மா சூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. பவர் ஃபேக்டரைத் தேடிப் போகிறவர்கள் மணல் பெட்டி வரை நடப்பதில்லை. நடக்க வேண்டும். மோல்டிங் மேஸ்திரியிடம் பேசினோம். இனி பெட்டி அடுக்கி முடிந்த பிறகே கடைசிச் சரக்கை உலையில் போடுவதாக ஒப்புக்கொண்டார்.

மார்ச் 8, சனி

சி.டி.யை இடம் மாற்றினால் முடிந்தது என்று முதலாளி நினைக்கிறார். அதில் எனக்குப் பயம் இருக்கிறது. ஃபர்னஸ் ரெக்டிஃபையர் ஐந்தாவது, ஏழாவது, பதினொன்றாவது ஹார்மானிக்கைக் கிளப்பும்: 250, 350, 550 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் 1000 கே.வி.ஏ., இம்பீடன்ஸ் 5 சதவீதம், ஆக ஷார்ட் சர்க்யூட் திறன் 20,000 கே.வி.ஏ. அதைக் கெபாசிட்டர் அளவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ரெசொனன்ஸ் எங்கே விழும் என்று தெரியும். 400 கே.வி.ஏ.ஆர். முழுவதும் ஏறினால் 50, வர்க்கமூலம் 7.07. ஏழாவது ஹார்மானிக்கின் தலைமேலேயே போய் நிற்கும். கெபாசிட்டர்கள் வரிசையாக உப்பும், ஃபியூஸ் போகும்.

நிரந்தர வழி, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் 7 சதவீத ரியாக்டர். அது சுருதியை 189 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடும், 250-ஐத் தொடாது. கெபாசிட்டரும் அதிக வோல்டேஜ் ரகமாக மாற வேண்டும். முதலாளி நெற்றியைத் தடவினார். ஆர்டர் போடச் சம்மதித்தார், ஆனால் வந்து சேர நாளாகும்.

அதுவரை பத்து ஸ்டெப் மட்டும், அதுவும் கையால். 250 கே.வி.ஏ.ஆருக்குக் கணக்கு 8.9, ஏழுக்கும் பதினொன்றுக்கும் நடுவே. இருப்பதில் ஆபத்து குறைந்த இடம்.

மார்ச் 9, ஞாயிறு

ஷட் டவுன். சி.டி.யைக் கழற்றி ஃபீடர் பிரிவதற்கு முன்னால் மாட்டினோம். அதன் பி1 முகம் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் பார்த்திருக்கிறதா என்று அண்ணன் இரண்டு முறை விரலால் தொட்டுப் பார்த்தார். தலைகீழாகப் போனால் கணக்கே புரண்டுவிடும். சி.டி. ஒயரைத் திறந்த நிலையில் விட்டுச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், எஸ்1, எஸ்2 முனைகளை ஷார்ட் செய்து, ரிலேயில் சேர்த்த பிறகே லிங்கை எடுத்தார்.

மார்ச் 10, திங்கள்

ஃபர்னஸ் ஏறியதும் ரிலேயில் 820 ஆம்பியர். இரண்டு வருடத்தில் முதல் தடவை. பழைய நான்கு ஸ்டெப்பிலேயே ஹோல்டிங் வரை விட்டுப் பார்த்தோம். 0.80-க்கு விழுந்தது. பிறகு அண்ணன் ஒவ்வொன்றாகப் பத்து ஸ்டெப் போட்டார். 0.95. அடுத்த ஹீட்டில், உருக்கும்போது 0.98.

டாங் டெஸ்டரில் ஒரு ஸ்டெப்பின் லைன் 36 ஆம்பியர் காட்டியது. ஹார்மானிக் ஏறியிருக்கிறது, தாங்கும் அளவுதான். 42 தாண்டினால் நிறுத்திவிடுங்கள் என்றேன். பேனல் கதவின் உட்புறம் சாக்பீஸால் பெரிதாக 42 என்று எழுதினார். ஃபர்னஸ் நின்றால் நான்கு ஸ்டெப்புக்குத் திரும்ப வேண்டும் என்பதை அதற்குக் கீழே எழுதிக்கொண்டிருந்தபோது முதலாளி வந்தார். கொஞ்ச நேரம் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று அண்ணனைக் கேட்டார்.