பேசினது யாரு?

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கி, லண்டனுக்குப் படிக்கப் போனவன் என் சிநேகிதன். 2014 கடைசியில் திரும்பி வந்து நின்றான்.

“என்னடா மாப்ளே, அதுக்குள்ள படிப்பு முடிஞ்சிருச்சா?”

“இங்கிலீஷ் டெஸ்ட்ல பேசினது நான் இல்லையாம்டா.”

விஷயம் இதுதான். அந்த வருஷம் பிப்ரவரியில், விசாவுக்கான டோயிக் தேர்வில் நடந்த ஆள்மாறாட்டத்தை பி.பி.சி. ரகசியமாகப் படம்பிடித்துக் காட்டியது. தில்லுமுல்லு நிஜம்தான். ஆனால் அப்புறம் ஒலிப்பதிவுகளை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, 58 ஆயிரத்துச் சொச்சம் தேர்வுகளில் 58 சதவீதம் மோசடி, 39 சதவீதம் சந்தேகம் என்றார்கள். ஆக 97! நான் பி.காம். சார். நூறு வவுச்சரில் தொண்ணூற்றேழு தப்பு என்றால் முதலில் ஆடிட்டரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பேன். ஆயிரக்கணக்கானோர் விசா போச்சு. கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தவர்களும் உண்டு.

இவனிடம் அதற்குக் காசில்லை. செம்மேட்டில் மிளகு வியாபாரம் ஆரம்பித்தான். நான் போனால் கால் கிலோ சும்மாவே கட்டித் தருவான். போன மாசம் வாய் சும்மா இருக்காமல், “நிஜமா சொல்லு, அன்னிக்குப் பேசினது நீதானே?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

பதிலே இல்லை. மிளகை நிறுத்தான். காசு வாங்கினான். மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தான்.