பாட்டில் மேல் ஒரு பெயர், உள்ளே வேறு கதை

1/ "டாக்டர், இந்த டானிக்ல சரக்கு கிரக்கு எதுவும் இல்லையே?"

குடியை விட்டு நாலு மாசமான ஒரு லோடுமேன் அண்ணன் என்னிடம் கேட்டது இது. திரும்பவும் குடிக்காமல் இருக்க டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிட்டு வந்தார். பசியே எடுக்கலைன்னு டானிக் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே, வெறும் சத்து டானிக்" என்று சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தேன்.

2/ அன்று ராத்திரி முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். டைசல்ஃபிரம் எடுப்பவர் உடம்பில் கொஞ்சம் ஆல்கஹால் போனாலே இப்படி ஆகலாம்.

"மறுபடி குடிச்சிட்டியாய்யா?" என்று மனைவி அழுகிறார். அவரோ எதுவும் பேசாமல் டானிக் பாட்டிலை என்னிடம் நீட்டுகிறார். லேபிளில் பொடி எழுத்தில் "ஆல்கஹால்" என்று இருந்தது.

3/ ஆள் தேறிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. 'டானிக்' என்ற பெயரைப் பார்த்தேனே தவிர உள்ளே என்ன என்று பார்க்கவில்லை. பானங்களில் எது எதில் கலக்கிறது என்று படிக்க ஆரம்பித்து, யூதர்களின் 'கோஷர்' உணவுச் சட்ட விவாதம் ஒன்றில் போய் நின்றேன். கொஞ்சம் பொறுமையா வாசிங்க மக்களே.

4/ விஸ்கி தானியத்தில் இருந்து வருவது. கோஷர் சட்டப்படி தானியத்தில் சிக்கல் இல்லை. திராட்சை ஒயினில்தான் கெடுபிடி. பிற மதச் சடங்குகளில் ஒயின் படைக்கப்பட்டது. சேர்ந்து குடித்தால் கலப்புத் திருமணம் வரும் என்ற கவலையும் இருந்தது. அதனால் யூதர் அல்லாதவர் கையாண்ட சாதாரண ஒயின் கூடாது. பிராந்தி திராட்சை ஒயினை வடித்து வருவது, அதற்கும் இதே சட்டம்.

5/ அப்போ ஸ்காட்ச் விஸ்கிக்கு என்ன பிரச்சினை? அது குறைந்தது 3 வருஷம் ஓக் மரப் பீப்பாயில் ஊற வேண்டும். பல பீப்பாய்களில் அதற்கு முன்பு ஒயின் இருந்திருக்கும். மரம் அதைக் குடித்து வைத்திருக்கும். ஒரு பொருள் 24 மணி நேரம் ஊறினால் சமைத்ததற்குச் சமம் என்கிறது யூத சட்டம்.

6/ லேபிளில் 'ஒயின்' என்று இருக்கவேண்டும் என்றில்லை. ஒலோரோசோ என்று இருக்கும். ஸ்பானிஷில் 'மணமுள்ளது' என்று பொருள். அது ஒரு வகை ஷெர்ரி. ஷெர்ரி என்பது ஸ்பெயினின் ஹெரெஸ் நகரப் பெயர் திரிந்து வந்த ஒயின். போர்ட் என்றால் துறைமுகம் என்று நினைப்போம். அது போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்தின் பெயரைத் தாங்கிய ஒயின். மன்சானில்லா என்றால் ஸ்பெயினில் சாமந்தி வகைப் பூ போட்ட டீயும் உண்டு, ஷெர்ரியும் உண்டு!

7/ பெயர் ஒன்று, சரக்கு வேறு என்பதும் நடக்கும். இத்தாலியில் மொன்டேபுல்சியானோ என்று ஓர் ஊர், அதே பெயரில் ஒரு திராட்சை. ஊரின் புகழ்பெற்ற ஒயினுக்கு முக்கியமான திராட்சை சாஞ்சோவேசே. அந்தப் பெயர் கொண்ட திராட்சையில் வரும் ஒயினோ அப்ருட்சோ பகுதியுடையது. லேபிளை மட்டும் நம்பினால் ஏமாந்துதான் போவோம்.

8/ சரி, எவ்வளவு கலந்தால் பரவாயில்லை? தடைப்பட்ட பொருள் பொதுவாக 60ல் ஒரு பங்குக்குக் குறைந்தால் 'கரைந்துபோனது' என்று கணக்கு. ஒயினுக்கு 6ல் ஒரு பங்கு போதும் என்று ஒரு வழி உண்டு. ஒயின் கலந்த விஸ்கி பற்றி 1940களில் கேட்டபோது, நியூயார்க் மதச் சட்ட அறிஞர் மோஷே ஃபைன்ஸ்டைன் அந்த வழியில்தான் அனுமதித்தார். கூடுதல் கவனமாக இருப்பவர் தவிர்ப்பது நல்லது என்றும் சொன்னார்.

9/ எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஒரு காலத்தில் ஷெர்ரி பீப்பாய் என்பது கப்பலில் வந்து இறங்கிய காலிப் பீப்பாய், மலிவு. இன்று விஸ்கிக்காகவே பீப்பாயில் ஷெர்ரி ஊற்றி ஊறவைக்கிறார்கள், லேபிளில் பெருமையாகப் போடுகிறார்கள். 'சுவைக்காகவே சேர்த்ததைக் கரைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?' என்பது ஒரு தரப்பின் கேள்வி. லண்டன் யூத மத நீதிமன்றம் ஏற்கிறது. அமெரிக்காவில் சில அமைப்புகள் தவிர்க்கச் சொல்கின்றன.

10/ விடையை விட அவர்கள் கேட்கும் முறைதான் என்னைத் தொட்டது. பாத்திரத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்பவரை அங்கே யாரும் சிரித்து அனுப்புவதில்லை. உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். என் லோடுமேன் அண்ணன் கேட்டதும் அதே கேள்விதானே? நான் சிரித்தேன்.

11/ இது குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லிவிட்டது.

குடியை விட மாத்திரை எடுப்பவர்கள் சில இருமல் மருந்துகள், டானிக்குகள், அரிஷ்டங்கள், மவுத்வாஷ் இவற்றில் ஆல்கஹால் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து தெரியலைன்னா மருந்தாளுநரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

12/ அடுத்த முறை அவர் வந்தபோது, "தப்பு என்னுதுண்ணே" என்றேன். மனைவி முன்னாலேயே சொன்னேன். "சரி விடுங்க டாக்டர், இதுல இல்லையே?" என்று புதுச் சீட்டைக் காட்டினார்.

இந்த முறை பாட்டிலை வாங்கி, லேபிளை முழுசாகப் படித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.