மகளுக்கு ஒரு பழைய கார் வாங்கிய கதை



ஆயுத பூஜை அன்று மகளின் வண்டிக்குப் பொட்டு வைத்த படத்தைப் போட்டிருந்தேன். அதற்குக் கீழே வாழ்த்துச் சொன்னவர்களைவிட, "டீச்சர், புதுசா பழசா? எவ்வளவு? எப்படிப் பார்த்து எடுத்தீங்க?" என்று தனியாகக் கேட்டவர்கள்தான் அதிகம். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிக் கை வலித்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாக இருக்கும். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, சுருக்கமாக வராது.

பழைய வண்டிதான். 2018 கடைசியில் பதிவான மாருதி சியாஸ், பெட்ரோல். ஆறு லட்சத்து இருபதாயிரம் கொடுத்தோம். வாங்கும்போது 86 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. இதைக் கேட்டதும் என் தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டான். "எண்பத்தாறாயிரமா? அக்கா, உனக்கு யாரோ தலையில கெட்டிட்டான்." அவனுக்குச் சொன்ன பதில்தான் இந்தப் பதிவு முழுக்க.

முதலில், கார் எதற்கு என்று சொல்ல வேண்டும். மகள் திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மருமகன் வெளிநாட்டில். பேரன் மூன்றாம் வகுப்பு, என்னோடு நாகர்கோவிலில். காலை டியூட்டி என்றால் வெள்ளனே ஐந்தே முக்காலுக்கு வீட்டிலிருந்து இறங்க வேண்டும். மதிய டியூட்டி என்றால் அங்கே முடிய இரவு எட்டரை. அதன்பிறகு பஸ் பிடித்து வடசேரி வந்து, ஆட்டோ பிடித்து வீடு சேரும்போது பதினொன்று ஆகிவிடும். பேரன் தூங்கியிருப்பான். ரயில் நல்லதுதான், ஆனால் அவளுடைய டியூட்டி நேரத்துக்கு ஒன்று வந்தால் ஒன்று வராது. மருமகன் ஓட்டிக்கொண்டிருந்த பழைய சின்னக் காரில் ஆறு மாதம் போய்வந்தாள். ஒரு நாள் ராத்திரி நாங்குநேரி தாண்டி ரேடியேட்டர் குழாய் வெடித்து நின்றுவிட்டது. ஒரு லாரிக்காரர் வண்டியை ஓரம் கட்டி, ஆள் வரும்வரை ஒன்றரை மணி நேரம் கூட நின்றார். நாமக்கல்காரர் என்று மட்டும் சொன்னாராம். அந்த வாரம்தான் அவள், "அம்மா, வேலையை விட்டுரட்டா?" என்று கேட்டாள். பன்னிரண்டு வருட அனுபவம் உள்ள நர்ஸ். எனக்கு மனசு கேட்கவில்லை. என் ஓய்வூதியப் பணத்தில் ஒதுக்கி வைத்திருந்ததை எடுத்தேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். போக எண்பது, வர எண்பது, ஒரு நாளைக்கு 160 கிலோமீட்டர். மாதம் 22 நாள் என்றால் மூவாயிரத்து ஐநூறு. வருடத்துக்கு நாற்பத்திரண்டாயிரம். நாம் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் வைத்திருக்கிற கார் நான்கு வருடத்தில் ஓடுகிற தூரம் இது. ஆகவே நம்மைப் போன்றவர்கள் கார் வாங்கும் விதி இவளுக்குப் பொருந்தாது. புது வண்டி எடுத்தாலும் மூன்றே வருடத்தில் ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டர் ஆகிவிடும், தவணை அப்போதும் முடிந்திருக்காது.

செடான் ஏன், உயரமான வண்டி எடுக்கலாமே என்று கேட்டவர்களுக்கு ஒரே சொல்: ஆரல்வாய்மொழி. தோவாளை தாண்டினால் கணவாய்க் காற்று என்ன பாடு படுத்தும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். முப்பந்தலில் சும்மாவா அத்தனை காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள்? ஆனி, ஆடியில் பக்கவாட்டில் அடிக்கும்போது உயரமான, கனம் குறைந்த வண்டிகள் ஆடும். தாழ்வாக, நீளமாக இருப்பது தரையைப் பிடித்துப் போகும். சியாஸில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2,650 மில்லிமீட்டர். டிசையரில் 2,450. தினமும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஓட்டும் இடுப்புக்கு அந்த இருநூறு மில்லிமீட்டர் தெரியும். இன்னொன்று, இப்போது எல்லாருக்கும் உயரமான வண்டி மோகம். செடானைச் சீண்டுவார் குறைவு, அதனால் பழைய செடான் விலை நமக்கு வாகாக இருக்கிறது.

வண்டி பார்க்க என்னோடு வந்தது, ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பிள்ளை. பார்வதிபுரம் பக்கம் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் ஜன்னல் வழியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இப்போது சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிறான். ஒன்பது வண்டி பார்த்தோம். எல்லாவற்றையும் எழுத இடமில்லை, மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, தூத்துக்குடிப் பதிவு, TN 69. பார்க்க மணமகன் மாதிரி இருந்தது. விலையும் சந்தையைவிட எழுபதாயிரம் குறைவு. நம்ம பிள்ளை இன்ஜினைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின் சீட்டில் ஏறி, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தான். கடைசி அரை முழத்தில் மண் நிறத்தில் ஒரு கறைக் கோடு. பிறகு டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்து அடியில் விரல் வைத்துத் தேய்த்தான், வண்டல். சீட்டுக்கு அடியில் இருக்கும் திருகுகள் துரு. "டீச்சர், இது வேண்டாம். தண்ணி கேறின வண்டியாக்கும்."

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடியில் கொட்டிய மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். அன்று மூழ்கிய கார்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடவில்லை. கழுவி, சீட் துணி மாற்றி, வாசனை அடித்து, பல வண்டிகள் மறுபடி சந்தைக்கு வரத்தான் செய்யும். 2015 சென்னை வெள்ளம், 2018 கேரள வெள்ளம் கண்ட வண்டிகளும் அப்படியே. தண்ணீர் ஏறிய இன்ஜினைச் சரிசெய்துவிடலாம். வயரிங்கும் கணினிப் பெட்டியும்தான் ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து, அதுவும் ராத்திரியில், காலை வாரும். உள்ளே ஏறியதும் வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் மூக்கை நம்புங்கள்.

இரண்டாவது, கடலோரத்து ஊர் ஒன்றில். ஏழு வருடத்தில் இருபத்தோராயிரம் கிலோமீட்டர்தான். வீட்டுக்காரர் வளைகுடாவில், வண்டி பெரும்பாலும் ஷெட்டில். அந்த வீட்டு அம்மா காப்பி போட்டுக் கொடுத்து உள்ளதை உள்ளபடி சொன்னார். தம்பி கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே அட்வான்ஸ் கொடுத்திருப்பான். ஆனால் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது அடித்தகடு, சைலன்சர் குழாய், பிரேக் குழாய் எல்லாம் உப்புக் காற்று தின்றிருந்தது. எலி வயரைக் கடித்த அடையாளமும் உண்டு. டயரில் வரித்தடம் புதிதுபோல ஆழமாக இருக்கிறது, ஆனால் பக்கத்தில் நான்கு இலக்க எண் 2218 என்று இருந்தது. அதாவது 2018-ல் 22-வது வாரம் செய்தது. ரப்பர் இறுகி மரமாகிவிட்டது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் அந்த டயரில் என் மகளை அனுப்ப மாட்டேன்.

இங்கேதான் தம்பிக்குப் பதில். ஓடாத வண்டி நல்ல வண்டி என்பது பெரிய மயக்கம். நாங்கள் எடுத்த வண்டியின் பழைய சொந்தக்காரர் வாராவாரம் மதுரைக்குப் போய்வந்த ஒரு வங்கி ஊழியர். நாலுவழிச் சாலையில் ஓடிய கிலோமீட்டர் வேறு, கோட்டாறு கடைத்தெருவில் முதல் கியரில் ஊர்ந்த கிலோமீட்டர் வேறு. நெடுஞ்சாலையில் கிளட்சும் பிரேக்கும் குறைவாகத்தான் தேயும், இன்ஜின் நன்றாகச் சூடாகி ஓடும், ஆயிலில் சேரும் ஈரமும் காய்ந்துவிடும். அவர் ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் துளையிட்டுக் கோத்து வைத்திருந்தார். ஃபைலைப் பார்த்ததும் எனக்குப் பாதி மனசு வந்துவிட்டது. ஒழுங்காக நோட்டு எழுதுகிற பிள்ளையைக் கண்ட மாதிரி.

மூன்றாவது டீசல் வண்டி. உண்மையைச் சொன்னால் இவ்வளவு தூரம் ஓடுகிறவர்களுக்கு டீசல்தான் கணக்கில் வெல்லும். எங்கள் கணக்கில் மாதம் ஆறாயிரம்வரை மிச்சம் வந்தது. நல்ல டீசல் கிடைத்திருந்தால் அதையே எடுத்திருப்போம். ஆனால் மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டது. கண்ணில் பட்டவை எல்லாம் ஒன்றரை லட்சம் தாண்டியவை, அல்லது தாண்டாதது போல் நடித்தவை. ஒன்றில் மீட்டர் அறுபத்திரண்டாயிரம் காட்டியது. சொந்தக்காரரையே சர்வீஸ் சென்டருக்குக் கூட்டிப் போய்ப் பழைய பதிவை எடுத்துப் பார்த்தால், இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு லட்சத்துப் பதினாலாயிரம்! அவர் முகத்தில் ஈயாடவில்லை. மீட்டரைத் திருப்பலாம், பிரேக் மிதியின் ரப்பரையும் ஸ்டீயரிங்கின் வழுவழுப்பையும் திருப்ப முடியாது. எட்டியோஸ், டிசையர் பார்க்கிறவர்கள், அது முன்பு மஞ்சள் போர்டு டாக்சியாக ஓடியதா என்றும் ஆர்.சி. விவரத்தில் பாருங்கள்.

சியாஸ் தயாரிப்பை நிறுத்திவிட்டார்களே, பாகம் கிடைக்குமா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. இதே 1.5 லிட்டர் இன்ஜினை எர்டிகாவிலும் எக்ஸ்.எல்.6-லும் போட்டிருக்கிறார்கள், அதனால் இன்ஜின் பாகத்துக்குப் பஞ்சமில்லை. விளக்கு, பம்பர் போன்றவைதான் போகப் போகச் சிரமமாகலாம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் அந்தக் கலவையை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களைச் சர்வீஸ்தோறும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

வண்டி பார்க்கப் போகும்போது ஒன்று செய்யுங்கள். நாங்கள் வருகிறவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் ஏதோ முரண்டு பிடிக்கிறது, அதை நமக்குக் காட்ட விரும்பவில்லை என்று சந்தேகப்படலாம். தெருவுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாங்கள் காவல்கிணறு தாண்டி வள்ளியூர்வரை ஓட்டிப் பார்த்தோம். ஓட்டியது மகள். ஓட்டப் போகிறவள் அவள்தானே.

கேரளப் பதிவு வண்டி ஐம்பது, அறுபதாயிரம் மலிவாகக் கிடைக்கிறது என்று விளவங்கோடு பக்கத்துச் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். KL வண்டியை இங்கே நிரந்தரமாக ஓட்ட வேண்டுமானால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் இங்கே மறுபதிவு செய்து, வண்டியின் வயதுக்கேற்ப நம் மாநில ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்ப வாங்க அந்த ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடப்பது தனிச் சோலி. கூட்டிக் கழித்தால் மலிவு காணாமல் போய்விடுகிறது.

காகித விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், அது நீங்கிய பிறகுதான் முழுப் பணம். அபராத நிலுவையைப் பரிவாஹன் தளத்தில் நீங்களே பாருங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழையவரின் நோ க்ளெய்ம் சலுகை அவரோடு போய்விடும், அது வண்டியோடு வராது. விற்கிறவர்களுக்கும் ஒரு சொல்: படிவம் 29, 30-ல் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்டு இடைத்தரகர் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி நான்கு கை மாறியிருந்தாலும் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

விலையோடு கதை முடியவில்லை. கையில் தனியாக நாற்பதாயிரம் வைத்திருந்தோம். நான்கு டயர், பிரேக் ஆயில், கூலண்ட், பெல்ட், எல்லா ரப்பர் குழாய்களும் முதல் வாரமே மாற்றியாயிற்று. மற்றவர்களுக்கு வருடம் ஒரு தடவை வரும் பத்தாயிரம் கிலோமீட்டர் சர்வீஸ் இவளுக்கு மூன்று மாதத்தில் வந்துவிடுகிறது. டயர் வருடத்துக்கு ஒரு செட் என்றே கணக்கு வைத்திருக்கிறோம். லிட்டருக்கு 17 கிலோமீட்டருக்குக் குறையாமல் கொடுக்கிறது. ஒரு நாளைக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய் பெட்ரோல். உடன் வேலை செய்யும் இரண்டு பேர் ஆரல்வாய்மொழியிலும் வள்ளியூரிலும் ஏறிக்கொண்டு பெட்ரோல் செலவைப் பங்கிடுகிறார்கள். இல்லாவிட்டால் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போயிருக்கும். மதிய டியூட்டி நாளிலும் பத்து மணிக்கெல்லாம் வாசலில் வெளிச்சம் தெரிகிறது. பேரன் விழித்திருக்கப் பார்க்கிறான், பாதி நாள் முடிகிறது. ஆனி மாதம் வாங்கியதிலிருந்து பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஒரு தடவை பஞ்சர், ஒரு பல்பு. வேலையை விடுகிற பேச்சு இப்போது வீட்டில் இல்லை.

வொர்க்‌ஷாப் பிள்ளையின் நம்பரைப் பலபேர் கேட்டிருக்கிறீர்கள். பொதுவில் போட மாட்டேன், தனியாகக் கேட்டால் அவனிடம் சொல்லிவிட்டுத் தருகிறேன். வண்டி பார்க்கக் கூட்டிப் போனால் அவன் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள், என்னிடம் வாங்க மறுத்ததுபோல் உங்களிடமும் மறுக்கப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடாதீர்கள், அன்று அவன் பிள்ளைகளோடு இருக்கிற நாள்.