அலமாரியில் உள்ளதெல்லாம் ஆதாயமா?

பணி ஓய்வுத் தொகை எங்கள் கைக்கு வந்த சில நாட்களில், முத்தியால்பேட்டையிலிருந்து மைத்துனர் வந்தார். “அத்தான், வங்கி வட்டியை நம்பி என்ன பயன்? சோப்புக் கம்பெனிப் பங்குகளை வாங்குங்கள். மக்கள் குளிக்காமலும் துவைக்காமலும் இருப்பார்களா?” என்றார். அவர் கூற்று நியாயமாகவே தோன்றியது. வீட்டு அலமாரியைப் பார்த்தோம். ஹென்கோ, பிரில், மார்கோ என யாவும் பழகிய பெயர்கள்.

ஆனால் அப்பெயர்களின் வரலாறே எங்களைத் தயங்க வைத்தது. அவை மூன்றும் முன்னர் ஹென்கெல் இந்தியா நிறுவனத்துக்கு உரியவை. நம் காரைக்காலிலேயே அதற்குத் தொழிற்சாலை இருந்தது. பொருள்கள் வீடுதோறும் விளங்கின. நிறுவனமோ நட்டமும் கடனும் சுமந்து நின்றது. 2011-ஆம் ஆண்டில், உஜாலா நீலத்தால் புகழ்பெற்ற ஜோதி நிறுவனம் அதனைத் தன்வசமாக்கிக் கொண்டது. நல்ல சரக்கு வேறு, நல்ல பங்கு வேறு என்பதை உணர்ந்தோம்.

ஆகவே, ஆண்டறிக்கைகளை வரவழைத்து மூன்று வினாக்களை எழுப்பினோம். பத்தாண்டுகளாக இலாபம் வளர்ந்துள்ளதா? அவ்வளர்ச்சி மிகுதியாக விற்றதால் வந்ததா, விலையை ஏற்றியதால் வந்ததா? கடனுக்கான வட்டி இலாபத்தை விழுங்குகிறதா?

இவற்றில் தேறிய நிறுவனத்திலும் பங்கின் விலை இடறியது. ஒரு பங்குக்குரிய ஆண்டு இலாபம் 10 ரூபாய், அதன் விலை 500 ரூபாய் என்று கொள்வோம். அப்படியாயின் 50 ஆண்டு இலாபத்துக்கு ஈடான தொகையை இன்றே கொடுக்கிறோம். வளர்ச்சி சிறிது தளர்ந்தாலும் விலை சரியக்கூடும்.

அப்போது இல்லத்தரசி கூறியது மறக்கற்பாலதன்று: “பெரிய மார்க்கெட்டில் இரண்டு ரூபாய் குறைவாகக் கிடைத்தால் நான் வேறு பொடி வாங்கிவிடுவேன். என்னைப் போன்றவர்களை நம்பியா முழுப் பணத்தையும் போடுவது?”

இளைய மகளின் செவிலியர் படிப்புக்கு இரண்டாண்டுகளில் பணம் வேண்டும். சந்தை நமது தேவைக்காகக் காத்திருக்குமா? எனவே ஒன்பது பங்கை அஞ்சலகத்தில் இட்டோம். எஞ்சிய ஒரு பங்கை மட்டும், பத்தாண்டுகள் தொடுவதில்லை என்ற உறுதியோடு, இரு நிறுவனங்களில் போட்டோம். மைத்துனர் எங்களைக் கோழைகள் என்று நகைத்தார். நாங்களோ நிம்மதியாக உறங்குகிறோம்.

அன்பர்களே, பொருளின் பெயரைக் கண்டு பங்கு வாங்காதீர்கள். கணக்கைப் பாருங்கள், விலையைப் பாருங்கள், அதற்கும் முன்னதாக, அந்தப் பணம் உங்கள் வீட்டுக்கு எப்போது தேவை என்பதைப் பாருங்கள்.